கோணல் சுவருக்குக் கல் என்ன செய்யும்?

தரைக்கு டைல்ஸ் ஒட்டச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவது, கல்லை நேர்வாட்டில் போடும்வரை நியாயம். கல்லைக் குறுக்கே திருப்பி டைமண்ட் மாதிரி போடச் சொல்லிவிட்டு, அதே சதுர அடிக் கணக்கை நீட்டினால் அது நியாயமில்லை. அறையும் கோணலாக இருந்துவிட்டால் அநியாயம். காரைக்குடியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கல் ஒட்டிப் பிழைக்கிறவன் நான். அப்பா கொத்தனார்; சுவரும் பூச்சும் அவர் கையில் கற்றது. எனவே சுவர் கட்டுகிறவர்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. கோணலுக்கான தண்டத்தை மட்டும் கடைசியாக வருகிறவன் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

முதலில் கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதுவீடு கட்டுகிறவர் குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குப் போகிறார். அங்கே பலகையில் நாலைந்து கல்லைக் குறுக்கே ஒட்டி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். "குறுக்கே போட்டால் ரூம் பெரிசாத் தெரியும் சார்" என்கிறார் விற்பனையாளர். அதில் பொய் ஒன்றும் இல்லை. கோடுகள் மூலையிலிருந்து மூலைக்கு ஓடுவதால் கண்ணும் நீளமான வழியிலேயே ஓடும். அறை கொஞ்சம் அகன்ற மாதிரிதான் தோன்றும். ஆனால் அந்தப் பலகைக்குச் சுவர் கிடையாது. சுவரோரத்தில் என்ன ஆகும் என்பதை அந்தப் பலகை காட்டாது.

சுவரோரத்தில் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகவே சொல்கிறேன். உள்ளளவு பத்துக்குப் பத்து இருக்கிற ஒரு படுக்கையறை. இப்போது எல்லாரும் வாங்குகிற "ரெண்டுக்கு ரெண்டு" கல். பெயர்தான் ரெண்டடி. உண்மையில் அது 600 மில்லிமீட்டர், அதாவது 23 அங்குலம் 5 நூல். (எங்கள் தொழிலில் அங்குலத்துக்கு 8 நூல்.) நாலு கல் உள்ள பெட்டியைப் 16 சதுர அடி என்று நினைத்து வாங்குவார்கள், தரையில் விரிந்தால் பதினைந்தரைதான். இந்தக் கல்லின் மூலைவிட்டம், இணைப்பு இடைவெளியோடு சேர்த்து, முப்பத்து மூன்றரை அங்குலம். அறையின் நடுவில் ஒரு கல்லை வைத்துக் குறுக்குவாட்டில் விரித்துக்கொண்டு போனால், வெட்டாமல் முழுசாக உட்காருகிற கற்கள் 13. மற்ற 28 இடத்திலும் வெட்டுத்துண்டுதான். பரப்பாகப் பார்த்தால் தரையில் சரிபாதி வெட்டுக்கல்.

இதே அறையில் நேர்வாட்டில் போட்டால் இரண்டு சுவரோரம் முழுக்கல், மற்ற இரண்டு சுவரோரம் வெட்டு. ஒரே அளவு வைத்துக்கொண்டு வரிசையாக வெட்டித் தள்ளிவிடலாம். குறுக்குவாட்டிலோ நாலு சுவரோரமும் வெட்டு. ஆனால் பில் போடும்போது இரண்டுக்கும் நூறு சதுர அடிதான்!

என் முதல் யோசனை இங்கேயே வந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையில் ரெண்டுக்கு ரெண்டு கல்லைக் குறுக்கே போடாதீர்கள். அவ்வளவு ஆசையென்றால் ஒன்றுக்கு ஒன்று கல் வாங்குங்கள். அதே அறையில் 85 கல் முழுசாக உட்காரும். நூற்றில் எண்பது பங்குக்கு மேல் வெட்டாத தரை கிடைக்கும். குறுக்குவாட்டின் அழகே சின்னச் சின்னக் கட்டம் கண்ணுக்குத் தொடர்ந்து தெரிவதில்தான் இருக்கிறது. பெரிய கல்லைச் சின்ன அறையில் திருப்பிப் போட்டால் தெரிவது ஏழெட்டு முழுக் கட்டமும், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் மிச்சமும். பெரிய ஹாலுக்கு இது பொருந்தாது. அங்கே ரெண்டுக்கு ரெண்டைத் தாராளமாகத் திருப்பலாம்.

இனிக் கோணலுக்கு வருகிறேன்.

அறை ஏன் கோணலாகிறது? பாதிச் சமயம் மனையே கோணல். பழைய நத்தம் மனைகளில் நாலு பக்கமும் நாலு அளவு. ஒரு விரற்கடை இடத்தையும் விடக்கூடாது என்று எல்லைக்கல்லை ஒட்டியே அஸ்திவாரம் எடுப்பார்கள். வெளிச்சுவர் மனை போன போக்கில் போகும், உள்சுவர் அதைப் பின்பற்றும். இன்னும் சில இடங்களில் வீட்டுக்காரரே கேட்டு வாங்குவார். ஈசானிய மூலை கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டுமென்று வாஸ்துக்காரர் சொன்னாராம். ஓர் அங்குலம் இழுத்துக் கட்டச் சொல்லிவிடுவார். அவர் நம்பிக்கை அவருக்கு, அதில் நான் தலையிடுவதில்லை. அந்த ஓர் அங்குலம் கடைசியில் என் நூலில்தான் வந்து நிற்கிறது என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

மற்றபடி மூலமட்டம் (மூலை சரியான செங்கோணமா என்று பார்க்கிற மட்டம்) பிடிக்கச் சோம்பல், அவ்வளவுதான். செங்கல் கட்டுகிறவரிடம் கேட்டால் "பூச்சில சரி பண்ணிக்கலாம்" என்பார். பூசுகிறவரிடம் கேட்டால் "இதுக்கு மேல ஏத்துனா பூச்சு நிக்காதுண்ணே, டைல்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க" என்பார். உள்பூச்சின் கனம் வழக்கமாக அரை அங்குலம். ஓர் அங்குலக் கோணலை அந்த அரை அங்குலத்தில் எப்படி ஒளிப்பது? அவர் சொல்வதும் நிஜம்தான். ஆக ஒவ்வொருவரும் அடுத்தவனுக்குத் தள்ளித் தள்ளி, என்னிடம் வந்து சேரும்போது அடுத்தவன் என்று யாரும் இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவர் பெயிண்டர். அவர் சுவரில் எதையும் மறைப்பார், தரையில் முடியாது.

குறுக்குவாட்டுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணல் அறைக்கு அது ஒருவகையில் நல்ல மருந்து. பத்தடியில் ஓர் அங்குலம் விலகிய சுவரோரம் நேர்வாட்டில் கல் போட்டால், ஓரத்துப் பட்டை ஒரு முனையில் எட்டு அங்குலமாகத் தொடங்கி மறுமுனையில் ஏழாகக் குறுகும். சுவரும் கல் இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் வாசலில் நிற்கும் குழந்தைகூட அதைக் கண்டுபிடித்துவிடும். குறுக்குவாட்டில் எந்த இணைப்பும் சுவருக்கு இணையாக ஓடுவதில்லை. முக்கோணங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டோ சிறுத்துக்கொண்டோ போகும். கண் அதை எளிதில் பிடிக்காது. இதனால்தான் விவரம் தெரிந்த மேஸ்திரிகள் சில வீடுகளில் தாங்களே "குறுக்கே போட்டுடலாம் சார்" என்று சொல்வது.

பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத அந்தக் கோணல், வெட்டுகிறவர் கைக்கு வந்துவிடுகிறது.

எப்படியென்று கொஞ்சம் நெருங்கி வந்து பாருங்கள். சுவரோரம் ஒரு முக்கோணம் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் முழுக்கல் உட்கார்ந்தாயிற்று. அந்தக் கற்களின் விளிம்பிலிருந்து சுவர்வரை இரண்டு கைகள். அறை சரியான மூலமட்டத்தில் இருந்தால் இரண்டு கையும் ஒரே நீளம். ஒன்றை அளந்தால் போதும், அந்தச் சுவர் முழுக்க அதே துண்டுதான். ஒரே மூச்சில் பத்துத் துண்டு வெட்டி அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பத்தடிக்கு ஓர் அங்குலம் கோணியிருந்தால், 18 அங்குலக் கை ஒன்றுக்கும் மற்றதற்கும் இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் வரும். அதோடு முடியவில்லை. அடுத்த முக்கோணத்தின் கை இதைவிட மூன்று நூல் கூடும், அதற்கடுத்தது இன்னும் மூன்று நூல். ஆக ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையும் தனித்தனியே அளந்து, கல்லின் முதுகில் எண் எழுதி, ஒன்றொன்றாக வெட்ட வேண்டும். எண் மாறினால் துண்டு வீண்.

வெட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. முக்கோணத்தின் கூர்முனைதான் முதலில் உடையும். ஒரு பக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக மெஷினை ஓட்டினால் கடைசி ஓர் அங்குலத்தில் கல் தன் கனத்திலேயே முறிந்து, முனை சில்லாகத் தெறிக்கும். அதனால் ஒரு முனையிலிருந்து பாதி, மறு முனையிலிருந்து பாதி என்று வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும். கோட்டின் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் மேற்பூச்சு சில்லுப் போவது குறையும். பளபளக்கிற கருப்புக் கல் என்றால் எவ்வளவு பார்த்து வெட்டினாலும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொரி நிற்கும். அதைச் சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் மறைக்கும். ஸ்கர்ட்டிங் கல்லின் கனம் மூன்று நூல் இருக்குமா? அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கிற மன்னிப்பு. வாசல் நிலையோரத்திலும் கிரானைட் படியோரத்திலும் ஸ்கர்ட்டிங் கிடையாது. அங்கே அரை நூல் தப்பினாலும் வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார்.

நல்ல வேலைக்காரன் என்ன செய்வான்? முதல் நாள் கல்லைத் தொடவே மாட்டான். வாசலில் நின்று உள்ளே பார்த்தால் கண் எங்கே போய் முட்டுகிறதோ, அந்தக் கோட்டை முதலில் பிடிப்பான். மூன்றடி, நாலடி, ஐந்தடி வைத்து அதற்கு மூலமட்டக் கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்திலிருந்து நாலு பக்கமும் சமமாக நாலு நாலடி அளந்து, அந்தப் புள்ளிகளை நீலம் தொட்ட நூலால் இணைத்தால் குறுக்குவாட்டம் கிடைத்துவிடும். சுவரைப் பார்த்து வாட்டம் பிடித்தால் கெட்டது. எந்தச் சுவரை நம்புவது? பிறகு கலவை இல்லாமல் ஒரு வரிசை கல்லை வெறுமனே பரப்பிப் பார்ப்பான். சுவரோரம் இரண்டங்குலத் துண்டு வருகிற மாதிரி இருந்தால் நடுக்கோட்டை அரைக்கல் நகர்த்துவான். மிச்சக் கோணலைச் சோபா போடும் சுவரோரத்துக்கும் பீரோ நிற்கும் மூலைக்கும் தள்ளுவான். இதற்கு அரைநாள் போகும். "வந்து அரைநாளாச்சு, ஒரு கல்லும் ஒட்டலையே மேஸ்திரி?" என்று வீட்டுக்காரர் கேட்கும் அந்த அரைநாள்தான் அவர் தரையின் தலையெழுத்து. சதுர அடிக் கூலியில் அந்த அரைநாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால்தான் அவசரக்காரர்கள் அதைச் செய்வதில்லை. வடக்கிலிருந்து வந்து வேலை பார்க்கிற பையன்களை இதற்குக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நம்மூர்க்காரன் கையும் சதுர அடிக்குப் பேசினால் சதுர அடிக்குத்தான் ஓடும்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இந்தக் கோணலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் போட்ட தரைகளில் நடுவில் பூ வேலைப்பாடு ஓடும், அதைச் சுற்றி ஒரு பார்டர், பார்டருக்கும் சுவருக்கும் இடையில் ஒரே நிறத்தில் வெறும் பட்டை. கண் பூவையும் பார்டரையும்தான் பார்க்கும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். சுவர் எங்கே விலகியிருக்கிறதோ, அந்தக் கோணலையெல்லாம் ஒன்றும் சொல்லாத அந்த வெறும் பட்டை வாங்கிக்கொள்ளும். பழுதுபார்க்கப் போன ஒரு வீட்டில் ஓர் ஆச்சி, "சுத்துப்பட்டை இல்லாத தரை, கரை இல்லாத சேலை மாதிரிப்பா" என்றார்கள். இன்றைக்கும் குறுக்குவாட்டில் கல் கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: சுவரைச் சுற்றி எட்டங்குலமோ ஓரடியோ வேறு நிறத்தில் பட்டை விட்டு, உள்ளே மட்டும் குறுக்கே போடுங்கள். உள்ளே இருப்பது சுத்தமான செவ்வகம். நாங்களே நூல் பிடித்து உண்டாக்கியது, மூலமட்டம் தப்பாது. முக்கோணம் எல்லாம் ஒரே அளவு. கோணலுக்காக வெட்டுகிற துண்டுகள் நேர்ப்பட்டையில் வருவதால் வெட்டும் சுலபம், சேதாரமும் குறைவு. பலர் வேண்டாம் என்கிறார்கள், "பழைய காலத்து மாதிரி இருக்கும்" என்று. பழைய காலத்து வீட்டைப் பார்க்கத்தானே எங்கள் ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறீர்கள்!

வீட்டுக்காரர்கள் நினைத்தே பார்க்காத ஒன்று, தூசி. கையால் இழுத்துக் கீறி முறிக்கிற டைல் கட்டர் இருக்கிறதே, அதில் தூசி அதிகம் வராது. ஆனால் பெரும்பாலானவர்களிடம் இருக்கிற ரெண்டடிக் கட்டரில் ரெண்டுக்கு ரெண்டு கல் மூலைவாட்டில் உட்காராது. முப்பத்து மூன்று அங்குலத்துக்கு மேல் நீளம். பெரிய கட்டருக்குப் பணம் வேண்டும். ஆகவே குறுக்குவாட்டு வேலை என்றாலே கையில் பிடிக்கிற கட்டிங் மெஷின்தான், ஒவ்வொரு துண்டுக்கும். மாடிப் படியோரத்தில் உட்கார்ந்து, காலால் கல்லை மிதித்துக்கொண்டு, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள். அந்த வெள்ளைப் புகையில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாவைவிடத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில், கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. வீடு கட்டுகிற இடம் தொழிற்சாலை இல்லையே. இங்கே யார் யாருக்குத் தெரிவிப்பது?

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். சொல்வது சுலபம். கையிலிருப்பது கரண்டில் ஓடுகிற மெஷின், காலடியில் ஈரம், இழுத்துவந்த வயரில் ரெண்டு இடத்தில் ஒட்டு. தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷினும், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கிற பிரேக்கரும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இவற்றை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகையை யார் தருவது? மறுபடியும் கூலிப் பேச்சுக்கே வந்து நிற்கிறோம்.

சேதாரத்துக்கும் சண்டை வருகிறது. நேர்வாட்டுக்குப் பத்துச் சதவீதம் கூடுதலாக வாங்கினால் பெரும்பாலும் போதும். குறுக்குவாட்டுக்குப் பதினைந்து வாங்குவது நல்லது. கோணல் அறைக்கு அதற்கு மேல் ஒரு பெட்டி. பத்தே வாங்கிக் கொடுத்துவிட்டு, முடிவில் நாலு கல் குறைந்தால் "கல்லை வீணடிச்சுட்டீங்க" என்பார்கள். திரும்பக் கடைக்குப் போனால் பெட்டியில் பேட்ச் நம்பர் மாறியிருக்கும். அதே பெயர், அதே படம். ஒட்டிப் பார்த்தால் நிறம் ஒரு மாற்றுக் குறைவாக நிற்கும். அளவிலும் அரை மில்லி மாறும். முதலிலேயே ஒரே பேட்ச்சில் வாங்கி வைத்தால் மிஞ்சிய கல்லும் வீண் இல்லை. நாளைக்குக் குழாய் கசிந்து தரையைக் கொத்த வேண்டி வந்தால் அதைத்தான் தேடுவீர்கள்.

சரி, கூலியை எப்படிப் பேசுவது? பரப்புக்குச் சதுர அடிக் கூலி இருக்கட்டும். அதன் மேல் வெட்டின் நீளத்துக்கு ஓட்ட அடிக் கணக்கில் தனிக் கூலி. மரவேலையில் பீடிங் அடிக்கவும் கிரானைட்டில் ஓரம் உருட்டவும் ஓட்ட அடிதானே பேசுகிறீர்கள்? தரையில் மட்டும் ஏன் கூடாது? பத்துக்குப் பத்து அறையில் நேர்வாட்டென்றால் 20 அடி வெட்டு, குறுக்குவாட்டென்றால் 40 அடி. டேப் வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், ஏமாற்ற இடமில்லை. வேலைக்காரனுக்கும் ஓட வேண்டிய அவசரம் இல்லை. இப்படிப் பேசினால் வேலை கைமாறிப்போகும் என்று எங்கள் ஆட்களே பயப்படுகிறார்கள். மேஸ்திரிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசினால் எங்கே மாறிப்போகும்?

கோணலுக்கான கூடுதல் செலவை வீட்டுக்காரர் கையிலிருந்துதான் தர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மனை கோணல் என்றால் அது அவர் கணக்கு. மூலமட்டம் பிடிக்காமல் சுவர் எழுப்பிய ஒப்பந்தக்காரர் என்றால் அது அவர் கணக்கு. எது எப்படி என்று பூச்சுக்கு முன்னால் தெரிந்துவிட்டால் யார் தலையில் எழுதுவது என்ற தகராறே வராது.

தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். செங்கல் சுவர் எழும்பி, பூச்சு தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போங்கள். தரையோரமாக மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு. எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளமாகவும் இந்த இரண்டு அளவும் ஒன்றாகவும் இருந்தால் அறை சரி. 12-க்கு 16 அறை என்றால் இரண்டும் மிகச் சரியாக 20 அடி வர வேண்டும், 9-க்கு 12 என்றால் 15 அடி. 11-க்கு 13 அறையில் இரண்டு அளவுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தாலே சுவர் பத்தடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். அளவைக் கரித்துண்டால் அந்தச் சுவரிலேயே எழுதிவிட்டு, கட்டுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்போது சரிசெய்ய ஆகிற செலவு கொஞ்சம் கலவை, அரைநாள் கூலி. பூச்சு முடிந்து கல்லும் இறங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டால், மூலமட்டத்தைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே கூலியை மாற்றித்தான் பேசுவேன்.